பகிர்ந்த பணியும் பகிரா அறமும்

மனிதன் ஒருவனாகப் பிறக்கிறான். ஆயினும் ஒருவனாக நின்று அவன் சாதித்தவை மிகச் சில. ஏரியும் கால்வாயும் தேரும் கோபுரமும் பலர் கை கூடியதால் எழுந்தவை. நாற்று நடுவோர் வரிசையாக நின்று குனிவதும், தேர்வடம் பிடிப்போர் ஒரே குரலில் ஓசை எழுப்புவதும் இவ்வுண்மையையே நமக்கு உணர்த்துகின்றன. மலேசிய மண்ணில் வாழும் நமக்கு 'கோத்தோங் ரோயோங்' என்னும் மலாய்ச் சொல் தமிழ்ச்சொல்லைப் போலவே பழகிவிட்டது. தோட்டப்புறக் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதாயினும், தமிழ்ப்பள்ளித் திடலைத் துப்புரவு செய்வதாயினும், அவ்வழைப்பு வந்தவுடன் மண்வெட்டியும் துடைப்பமும் ஏந்திய கைகள் தாமே வந்து சேர்கின்றன.

கூடிச் செய்தல் நன்று என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், கூடிச் செய்த செயலின் நன்மை தீமைகளுக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டால், விடை அத்துணை எளிதாகக் கிடைப்பதில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு சுமையைத் தூக்கினால், ஒவ்வொருவர் தோளிலும் பத்தில் ஒரு பங்கு சுமையே விழும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு தவற்றைச் செய்தால், ஒவ்வொருவர் நெஞ்சிலும் பத்தில் ஒரு பங்கு பழிதான் விழுமா? இதுவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. பல்கலைக்கழக மாணவர்கள் பல துறைகளிலிருந்தும் ஓரணியாகக் கூடி, இரவு பகல் பாராது புதியன படைக்கும் வடிவமைப்புப் போட்டிகள் பெருகிவரும் இந்நாளில், ஆசிரியரும் மாணவரும் எதிர்கொண்டே தீரவேண்டிய வினா.

போட்டியின் இயல்பு

இப்போட்டிகளின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். அமைச்சகமோ, தொழில் நிறுவனமோ, பல்கலைக்கழகமோ ஒரு சிக்கலை முன்வைக்கும். வெள்ளத்தை முன்னறிவிப்பது எவ்வாறு? பார்வையற்றோர் தனியே சாலையைக் கடக்க வழி என்ன? இத்தகைய சிக்கல் ஒன்றை ஏற்று, ஐந்தாறு மாணவர்கள் கொண்ட அணி குறித்த காலத்துக்குள் தீர்வு காணவேண்டும். வரைபடம் போதாது, இயங்கக்கூடிய ஒரு மாதிரியையும் செய்து காட்டவேண்டும். இறுதியில் நடுவர் முன் சில நிமிடங்களில் அதனை விளக்கவேண்டும். கணினித் துறையில் இதனை 'ஹேக்கத்தான்' என்று வழங்குவர்.

இந்தியாவில் நடுவண் அரசின் சார்பில் 2017-ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' இவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதன் மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம் இடைவிடாது நடக்கும். ஓர் அணிக்கு அறுவர். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்பது விதி. கருவிகளைச் செய்யும் பிரிவு 2018-இல் சேர்க்கப்பட்டது. அதற்கு ஐந்து நாள்கள். நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகளுக்குப் பஞ்சமில்லை. குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு ஓடும் ஊர்தியை மாணவர்களே வடிவமைத்து ஓட்டும் 'ஷெல் இக்கோ மாரத்தான்' போட்டியின் ஆசியப் பிரிவு 2010-இல் சிப்பாங் பந்தயத் திடலில்தான் முதன்முதலாக நடைபெற்றது. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளில் கலந்து பதக்கங்களோடு திரும்பும் செய்திகளையும் நாளேடுகளில் கண்டு மகிழ்கிறோம். இன்று பள்ளியில் பதக்கம் பெறும் பிள்ளை நாளை பல்கலைக்கழக அணியில் அமரும் என்பதை எண்ணும்போது, அப்பிள்ளை அங்கே எத்தகைய மனப்பான்மையோடு அமரவேண்டும் என்பதும் நம் கவலைக்கு உரியதாகிறது.

பல துறையினர் ஏன் கூடவேண்டும்? பொறியியல் மாணவன் பொருளின் வலிமையை அறிவான்; அதனை வாங்குவோரின் வறுமையை அறியான். வணிகவியல் மாணவி விலையைக் கணிப்பாள். நோயாளியின் உடலை அறியாள். மருத்துவ மாணவன் நோயை அறிவான். இயந்திரத்தின் இயக்கத்தை அறியான். ஒருவர் அறியாததை மற்றவர் அறிந்து நிறைவு செய்வதே இக்கூட்டின் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் அறிவு ஒன்றோடொன்று கூடும்போது பொறுப்பும் கூடுகிறதா, அல்லது பலர்க்கிடையே சிதறிப் போகிறதா என்பதே நாம் நுணுகிக் காணவேண்டியது.

வினாவை மாற்றிய அணி

கூட்டறிவின் சிறப்பை விளக்க ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பல துறை மாணவர்களை அணிகளாக்கி, ஏழை நாடுகளின் சிக்கல்களுக்கு மிக மலிவான தீர்வு காணச் செய்யும் பாடம் ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டு அப்பாடத்தில் ஓர் அணிக்குத் தரப்பட்ட பணி, குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பில் வைத்துக் காக்கும் இன்குபேட்டர் கருவியை மலிவாகச் செய்வது. அக்கருவியின் விலை அன்று ஏறத்தாழ 20,000 டாலர். வணிகவியல், கணினியியல், மின்பொறியியல் எனப் பல துறை மாணவர்கள் அவ்வணியில் இருந்தனர். ஜேன் சென், லைனஸ் லியாங், ராகுல் பணிக்கர், நாகானந்த் மூர்த்தி என்போர் பின்னர் அம்முயற்சியைத் தொடர்ந்து நடத்தியவர்கள்.

கருவியின் உறுப்புகளைக் குறைத்து விலையைக் குறைப்பதே இயல்பான வழியாகத் தோன்றியது. ஆனால் அணியினர் நேப்பாளம் சென்று பார்த்தபோது, நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் நகர மருத்துவமனையில் வெறுமையாகக் கிடந்தன. குழந்தைகளோ மின்சாரமும் இல்லாத தொலைதூரச் சிற்றூர்களில் பிறந்து, மருத்துவமனையை அடையுமுன்பே குளிரால் மாண்டன. மலிவான இன்குபேட்டர் வந்தாலும் அதுவும் வெறுமையாகவே கிடக்கும் என்பதை அணியினர் உணர்ந்தனர். ஆகவே, 'இக்கருவியை எப்படி மலிவாகச் செய்வது?' என்று தரப்பட்ட வினாவை விட்டு, 'சிற்றூர்த் தாயின் மடியிலேயே குழந்தையைக் கதகதப்பில் வைப்பது எப்படி?' என்னும் வினாவைத் தாமே எழுப்பிக்கொண்டனர். அதன் விடையாகப் பிறந்ததே குழந்தைக்கான சிறு உறக்கப்பை. மெழுகு போன்ற ஒரு பொருளைச் சூடாக்கி அதன் உள்ளே வைத்தால், அது மெல்ல உறையும்போது மனித உடலின் இயல்பான 37 பாகை வெப்பத்தைச் சில மணி நேரம் மாறாமல் காக்கிறது. இயங்கும்போது மின்சாரம் வேண்டியதில்லை. 'எம்பிரேஸ்' என்னும் பெயரில் 2011-இல் இந்தியாவில் அது பயன்பாட்டுக்கு வந்தது.

இங்கே அணியினரை உயர்த்தியது அவர்தம் துறையறிவு மட்டுமா? துறையறிவு தரப்பட்ட வினாவுக்கு விடை காணவே போதுமானது. வினாவே பிழையானது என்று காணும் கண், துன்புறுவோர் இருக்குமிடத்துக்குச் சென்று நின்றதால் திறந்தது. மெழுகைப் பற்றி அறிந்தவரும் விலையைப் பற்றி அறிந்தவரும், 'குழந்தை பிழைக்குமா?' என்னும் முழு வினாவையும் தம் வினாவாகவே கொண்டனர்.

பரிசு பெற்ற பிழை

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் உருவான 'பிளே பம்ப்' என்னும் நீர் இறைக்கும் கருவி, கேட்டவர் நெஞ்சையெல்லாம் கவர்ந்தது. பள்ளித் திடலில் ஒரு குடைராட்டினம். பிள்ளைகள் ஏறி விளையாடச் சுழலும். சுழற்சியால் நிலத்தடி நீர் மேலேறித் தொட்டியில் நிரம்பும். தொட்டியின் பக்கங்களில் ஒட்டப்படும் விளம்பரங்களின் வருவாயால் பராமரிப்புச் செலவு ஈடுசெய்யப்படும். பிள்ளைகளுக்கு விளையாட்டு, ஊருக்குத் தண்ணீர்! இதனினும் அழகிய கருத்து உண்டா என்று உலகம் வியந்தது. 2000-ஆம் ஆண்டு உலக வங்கியின் பரிசு கிட்டியது. 2006-இல் அமெரிக்க அரசும் தனியார் அமைப்புகளும் சேர்ந்து வழங்கும் 16.4 மில்லியன் டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. 2010-க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 கருவிகளை நிறுவ இலக்குக் குறிக்கப்பட்டது.

நடந்தது வேறு. பிள்ளைகள் எந்நேரமும் விளையாடுவதில்லை. அவர்கள் வகுப்பில் இருக்கும்போதும் வீட்டிற்கு உணவு சமைத்தாக வேண்டும். ஆகவே பெண்களும் முதியோரும் அக்குடைராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுழற்ற நேர்ந்தது. கைப்பம்பினும் அது கடினமாக இருந்தது, விலையோ பன்மடங்கு. பழுதானால் ஊரார் தாமே சரிசெய்யவும் இயலவில்லை. சொல்லப்பட்ட அளவு மக்களுக்கு நீர் கிடைக்கவேண்டுமாயின், பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என 2009-இல் பிரித்தானிய நாளேடான 'கார்டியன்' கணக்கிட்டுக் காட்டியது. இலக்கு எட்டப்படாமலே திட்டம் கைவிடப்பட்டது.

இம்முயற்சியில் ஈடுபட்டோர் தீயவர் அல்லர்; நல்லெண்ணம் உடையவரே. அவருள் பொறியாளர் இருந்தனர், வணிகர் இருந்தனர், விளம்பரம் அறிந்தோர் இருந்தனர், நிதி தருவோர் இருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைத் திறம்படவே செய்தனர். ஆனால், 'காலையில் தண்ணீர்க்கு வரும் அப்பெண்மணியைக் கேட்டோமா?' என்பது எவருடைய பகுதியாகவும் இல்லாமற் போயிற்று. பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்ட பணியில், எவருக்கும் அளிக்கப்படாத ஒரு பகுதி எப்போதும் எஞ்சி நிற்கும். அறம் பெரும்பாலும் அப்பகுதியிலேதான் இருக்கிறது.

தம்போயின் சான்று

நல்லெண்ணத்தோடு கூடியவரிடையே இவ்வாறாயின், நோக்கமே தீயதாக இருந்தால் யாதாகும்? இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. நம் ஜொகூர் மாநிலத்திலேயே உண்டு. ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் செல்லும் வழியில் உள்ள தம்போய் வட்டாரம் நம்மவர் பலர்க்கும் நன்கு தெரிந்த இடம். 1985-இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் தலைமை வளாகத்தை ஸ்கூடாயில் அமைத்துக்கொண்ட பின்னர், பொறியியலும் அறிவியலும் கற்கும் மாணவர் பலர் அவ்வழியாகச் சென்றுவருகின்றனர். அவ்வழியில்தான் 1937-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இருக்கிறது. இன்று அதன் பெயர் பெர்மாய் மருத்துவமனை.

மனம் நொந்தோரைப் பேணுவதற்கென எழுந்த அக்கட்டடங்களுக்கு ஐந்தே ஆண்டுகளில் வேறு வேறு பணிகள் வந்து வாய்த்தன. 1941-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியப் படையின் பொது மருத்துவமனை ஒன்று அங்கே குடியேறியது. போர் நெருங்கவே, 1942 சனவரியில் அது சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. அடுத்து ஜப்பானியர் வந்தனர். சிங்கப்பூரில் அவர்கள் 1942-இல் அமைத்த 'ஒக்கா 9420' என்னும் படைப்பிரிவு, நோய்த்தடுப்பு, நீர்த்தூய்மை என்னும் பெயர்களின் மறைவில் கிருமிப் போர் ஆயத்தங்களில் ஈடுபட்டது. அதன் கிளையொன்று தம்போய் மருத்துவமனைக் கட்டடங்களில் இயங்கியது என்றும், கொள்ளைநோயைப் பரப்பவல்ல தெள்ளுப்பூச்சிகளை எலிகளின்மேல் வளர்ப்பது அங்கு நடந்த பணி என்றும் வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர்.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அப்பணியும் பல துறையினர் கூடிச் செய்த பணியே. மருத்துவர் இருந்தனர், நுண்ணுயிரியல் அறிந்தோர் இருந்தனர், எலி பிடிப்போரும் பூச்சி பிரிப்போரும் எழுத்தரும் காவலரும் இருந்தனர். ஒருவர் எலியைப் பிடித்தார். ஒருவர் அதற்குத் தீனியிட்டார். ஒருவர் பூச்சியை எண்ணினார். ஒருவர் குப்பியில் அடைத்தார். எந்த ஒரு கையும் தனித்து நின்று எவரையும் கொல்லவில்லை. பின்னாளில் சிங்கப்பூரின் அமைச்சராக விளங்கிய ஒத்மான் வோக், தம் பதினேழாம் வயதில் சிங்கப்பூரிலிருந்த அப்பிரிவின் ஆய்வுக்கூடத்தில் எலிகளிலிருந்து தெள்ளுப்பூச்சிகளைப் பிரித்தெடுக்கும் வேலை செய்ததை 1991-இல் வெளியிட்டார். அதன் உண்மையான நோக்கத்தை அன்று தாம் அறிந்திருக்கவில்லை என்றும் கூறினார்.

வயிற்றுப்பாட்டுக்காகவும் அச்சத்தாலும் வேலைக்குச் சென்ற பதினேழு வயது இளைஞர்மீது பழி சுமத்துதல் முறையன்று. அவர்கள் அறியவில்லை, அறிய முயன்றிருந்தால் தண்டனை காத்திருந்தது. ஆனால் நோக்கத்தை அறிந்திருந்த மருத்துவர்களோ அறிந்தே செய்தனர். ஆகவே பொறுப்பை அளக்கும் கோல், ஒருவர் செய்த பகுதி பெரிதா சிறிதா என்பதன்று. அவர் எதை அறிந்திருந்தார், எதை அறிந்துகொள்ள இயன்றும் அறியாதிருந்தார், மறுத்துரைக்க அவருக்கு எத்துணை உரிமை இருந்தது என்பனவே அக்கோலின் அளவுகள்.

இக்கோலைக் கொண்டு இன்றைய மாணவரை அளந்து பார்ப்போம். ஸ்கூடாயிலோ சென்னையிலோ ஒரு போட்டியில் அமர்ந்திருக்கும் மாணவர்மீது துப்பாக்கி நீட்டப்படவில்லை. நோக்கத்தைக் கேட்டால் அவரை எவரும் தண்டிப்பதில்லை. உலகின் நூலகமெல்லாம் அவர் கைப்பேசிக்குள் அடங்கியிருக்கிறது. இத்துணை உரிமையும் வாய்ப்பும் உடைய ஒருவர், 'நான் நிரல் மட்டுமே எழுதினேன். அது எதற்குப் பயன்படும் என்பது என் பகுதியன்று' என்று கூறுவாராயின், அன்று அறியாமையில் நின்ற இளைஞனுக்குள்ள மன்னிப்பு அவருக்கு இல்லை. கூட்டத்திலுள்ள முகங்களை அடையாளம் காணும் மென்பொருள் காணாமற்போன குழந்தையையும் கண்டுபிடிக்கும். நீதி கேட்டு ஊர்வலம் சென்றவரையும் காட்டிக்கொடுக்கும். இரண்டுக்கும் நிரல் ஒன்றே. மருத்துவமனைக் கட்டடம் தன்னுள் நடப்பதைத் தேர்ந்துகொள்ள இயலாது, மனிதன் இயலும்.

மதுரையில் நடந்தது

தமிழாசிரியர்களுக்குச் சிலப்பதிகாரத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. கோவலனைக் கொன்றவர் யார்? பொற்கொல்லன் பொய் சொன்னான், வாள் ஏந்தவில்லை. பாண்டியன் ஆணையிட்டான், கொலைக்களத்துக்குச் செல்லவில்லை. காவலர் ஏவலின்படி சென்றனர், தீர்ப்பு அவர்களுடையதன்று. வெட்டியவன் கல்வியும் தெளிவும் அற்ற ஒருவன், வழக்கை அறியான். பணியைப் பகிர்ந்ததுபோலவே பழியையும் பகிர்ந்தால், ஒரு முழுக்கொலைக்கு முழுப்பொறுப்பாளர் எவரும் இலர் என்று முடியும்!

கொலைக்களக் காதையில் இளங்கோவடிகள் காட்டும் நுட்பம் ஒன்று இங்குச் சிந்திக்கத்தக்கது. வந்த காவலருக்குக் கோவலனைக் கண்டவுடன் ஐயம் எழுகிறது; இவன் தோற்றம் கள்வனின் தோற்றமாக இல்லையே என்கின்றனர். அவ்வணியில் உண்மையின் குரல் ஒலிக்கத்தான் செய்தது. ஆனால் பொற்கொல்லன் கள்வர்தம் இயல்புகளை நூலறிவோடு அடுக்கி, சொல்திறத்தால் அவ்வையத்தை மூடிவிடுகிறான். காவலர் தயங்கி நிற்கும்போதே ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அரசனும் அரசியின் ஊடலைத் தணிக்கும் விரைவில் ஆராயாது ஆணையிட்டவன். விரைவும், திறமான விளக்கவுரையும், அடங்கிப்போன ஓர் ஐயமும் சேர்ந்து ஓர் உயிரைக் குடித்தன. குறித்த நேரத்துக்குள் முடிக்கும் விரைவும், நடுவரைக் கவரும் விளக்கவுரையும் இன்றைய போட்டிகளின் உயிர்நாடி. அங்கே எழும் ஐயம் என்னவாகிறது என்று நாம் கேட்பதுண்டா?

பின்னர்க் கண்ணகி வழக்குரைக்கிறாள், சிலம்பு உடைகிறது, உண்மை வெளிப்படுகிறது. அப்போது பாண்டியன் பழியைப் பொற்கொல்லன்மீது போடவில்லை; காவலர்மீதும் போடவில்லை. தானே கள்வன் என ஏற்று, அரியணையிலேயே உயிர்விடுகிறான். பிழையில் அவனுக்குப் பங்கு ஒன்றே. பொறுப்பை அவன் முழுமையாக ஏற்றான். அதனாலேயே தவறிய அவனை இன்றும் நாம் மதிப்போடு நினைக்கிறோம். பணி வகுபடும், பழி வகுபடாது. அறக்கணக்கில் பத்தைப் பத்தால் வகுத்தாலும் ஒவ்வொருவர்க்கும் பத்தே ஈவாக வருகிறது.

தடைகளும் விடைகளும்

இதற்கு மறுப்புகள் எழக்கூடும். 'மாணவர் போட்டி ஒரு பயிற்சியே; விளையாட்டுப் போன்றது. அதில் இத்துணைப் பெரிய அறக்கேள்விகளைப் புகுத்தலாமா?' என்பர் சிலர். சிலம்பம் பயிலும் பிள்ளைக்குக் கம்பு சுழற்றும்போதே காலடி வைக்கும் முறையையும் ஆசான் கற்பிக்கிறார். காலடியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. பயிற்சியில் படிந்ததே களத்தில் வரும். ஆறு ஆண்டுகள் 'எதற்கு?' என்று கேளாமல் விடை கண்டு பழகியவர், ஏழாம் ஆண்டு பணியிடத்தில் திடீரெனக் கேட்கத் தொடங்குவார் என்பது நம்பத்தக்கதன்று.

'36 மணி நேரத்தில் இதற்கெல்லாம் காலம் ஏது?' என்பது இரண்டாவது மறுப்பு. காலம் குறுகியது என்பதாலேயே முதல் மணி நேரம் விலைமதிப்பற்றதாகிறது. தவறான வினாவுக்குச் செலவிடும் 36 மணி நேரமும் வீணே. 2019 மார்ச்சு மாதம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட நச்சுக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. இத்தகைய நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டு ஒரு போட்டி நடந்தால், 'வகுப்பறையில் நச்சுக்காற்றை உணர்த்தும் கருவி செய்க' என்று வினா அமையக்கூடும். கருவி நல்லதுதான். ஆனால், 'கழிவு ஆற்றுக்கு வந்தது எவ்வாறு? வழியில் அதைத் தடுத்திருக்கக் கூடியவர் யார் யார்?' என்று கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்கும் அணி, பிள்ளைகள் மூச்சுத்திணறும்வரை காத்திராத ஒரு தீர்வையும் எண்ணிப் பார்க்கும்.

மூன்றாவது மறுப்பே வலிமையானது. 'ஒவ்வொருவரும் முழுப்பொறுப்பையும் சுமக்கவேண்டுமாயின், எவரும் அணியில் சேரவே அஞ்சுவர். தமக்குத் தெரியாத துறைக்கு ஒருவர் எங்ஙனம் பொறுப்பாவார்?' என்பது அது. முழுப்பொறுப்பு என்பது எல்லாவற்றையும் தாமே செய்வதன்று. எல்லாவற்றையும் அறிந்திருப்பதும் அன்று. செயலின் நோக்கத்தையும் அது யாரைத் தொடும் என்பதையும் அறிந்துகொள்வது ஒன்று. ஐயம் எழுந்தால் அது தம் துறைக்கு அப்பாற்பட்டதாயினும் வாய்திறந்து சொல்வது மற்றொன்று. சொல்லியும் கேளாராயின் தம் பெயரை அச்செயலுக்குத் தர மறுப்பது மூன்றாவது. இம்மூன்றும் எத்துறையினருக்கும் இயலக்கூடியவை. முயன்றும் அறியவொண்ணாத பிழைக்கு எவரும் பழிக்கப்படமாட்டார். கேட்டிருந்தால் விளங்கியிருக்கும் என்ற நிலையில் கேளாதிருந்ததே குற்றமாகும்.

திருக்குறளின் அமைச்சியலில் அதிகாரங்கள் நிற்கும் முறையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். வினைத்தூய்மை 66-ஆவது அதிகாரம், வினைத்திட்பம் 67-ஆவது, வினைசெயல்வகை 68-ஆவது. செயல் தூயதாக இருக்கிறதா என்பது முதலில். அதனை முடிக்கும் உறுதி அடுத்து. செய்யும் வகை அதன்பின். இன்றைய போட்டிகள் செயல்வகையில் தொடங்கி, உறக்கம் துறக்கும் திட்பத்தைப் போற்றி, பரிசளிப்போடு முடிந்துவிடுகின்றன. தூய்மையைக் கேட்பதற்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. வள்ளுவர் வகுத்த வரிசையை மீண்டும் நேர்நிறுத்துவதே நாம் வேண்டும் மாற்றம்.

ஒரு கதவு

இதனை ஒரு சிறு கற்பனையால் தெளிவுபடுத்துவோம். மனநல மருத்துவமனையின் ஒரு பகுதிக்குப் புதிய கதவொன்றை வடிவமைக்குமாறு பல துறை மாணவர் அணிக்குப் பணி தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரப் பொறியியல் மாணவர் உடைக்கவியலாத பூட்டை எண்ணுவார். மின்னணுவியல் மாணவர் தாமே திறந்து மூடும் ஏற்பாட்டை எண்ணுவார். கணக்கியல் மாணவர் செலவைக் குறைப்பார். அழகிய, வலிய, மலிவான கதவொன்று உருவாகிவிடும். ஆனால் அக்கதவு யாருக்காக? உள்ளே இருப்பவரைக் காக்கவா, அவரை அடைக்கவா? தீப்பற்றினால் அது எந்தப் பக்கத்திலிருந்து திறக்கும்? இரவில் அஞ்சி எழும் ஒருவர் அதனைத் தட்டினால் அவ்வோசை எவருக்கேனும் கேட்குமா? இவற்றைக் கேட்க உளவியல் மாணவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. நலம் பெற்றுத் திரும்பிய ஒருவரை அழைத்து, 'ஐயா, அம்மா, இக்கதவு எப்படி இருக்கவேண்டும்?' என்று கேட்கும் பணிவு அணி முழுமைக்கும் வேண்டும். துன்பத்தை நுகர்ந்தவரும் ஒரு துறையின் வல்லுநரே; எந்தப் பட்டயமும் தரமுடியாத அறிவு அவரிடம் உண்டு.

தமிழ் பயிலும் மாணவர் இத்தகைய அணிகளில் தமக்கு இடமில்லை என்று ஒதுங்கிவிடுகின்றனர். இயந்திரம் அறியாத நாம் அங்கே எதற்கு என்று எண்ணுகின்றனர். ஒரு சொல்லின் பொருளை நான்கு கோணத்திலும் ஆராயவும், பிறர் நெஞ்சில் புகுந்து அவர் துயரை உணரவும் இலக்கியம் அவர்களைப் பழக்கியிருக்கிறது. 'பயனாளி' என்று ஒரே சொல்லில் பொறியாளர் சுருக்கிவிடும் மனிதரை, பெயரும் அச்சமும் மானமும் உடைய ஒருவராகக் காணும் பயிற்சி அது. அவர்கள் அவ்வணியில் அமரவேண்டும். பொறியாளருக்கு அறம் போதிக்கும் மேட்டிமையோடன்று. தாமும் இயந்திரத்தின் இயல்பைக் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தோடு அமரவேண்டும். முழுமைக்கும் பொறுப்பேற்பவர் முழுமையையும் ஓரளவேனும் அறிய முயலுதல் கடமையன்றோ?

ஆசிரியர்க்கும் நடுவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இறுதி விளக்கவுரையின்போது, சொல்வன்மை மிக்க ஒருவரை மட்டும் பேசவிட்டு மதிப்பெண் வழங்காதீர்கள். அணியில் எவரையேனும் எழுப்பி, அவர் செய்யாத பகுதியைப் பற்றிக் கேளுங்கள். பூட்டைச் செய்தவரிடம் நோயாளியைப் பற்றியும், நோயாளியோடு பேசியவரிடம் பூட்டைப் பற்றியும் கேளுங்கள். இதனால் யாருக்குத் தீங்கு நேரக்கூடும், அவரைக் கண்டு பேசினீர்களா என்றும், உங்களுள் எவர் எந்த ஐயத்தை எழுப்பினார், அதற்கு என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். இவ்வினாக்கள் எழும் என்று முன்னரே அறிந்த அணி, அவற்றைத் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டுதான் அரங்கேறும். ஐயத்தை எழுப்பியவருக்கு மதிப்பெண் உண்டென்று தெரிந்தால், அடுத்த முறை ஒரு காவலனின் தயக்கம் மூடப்படாமல் காக்கப்படும்.

பணியைப் பகிர்ந்துகொள்ளக் கற்ற இளைஞர் பலர் இன்று நம்மிடையே உள்ளனர், அது பெருமைக்குரியதே. அப்பணியின் விளைவு முழுவதும் என்னுடையது என்று சொல்லத் துணியும் இளைஞரையும் நம் வகுப்பறைகள் உருவாக்குமாயின், அவர்கள் கூடிச் செய்வன நாட்டிற்கு நலமாகவே விளையும்.